மகேந்திரராஜா வீட்டு மகோகனி அலுமாரி

மகேந்திரராஜா அண்ணையின் வீட்டுக்கு யார் போனாலும் முதலில் தேநீர் கிடைக்காது. முதலில் பிலடெல்பியா கிடைக்கும்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாரும். இப்பிடி இந்த யன்னல் பக்கமா நில்லும். வெளிச்சம் இதிலை நிண்டால்தான் சரியா விழும்" என்று தோளைப் பிடித்து நிறுத்துவார். எதிரே, சிட்னியின் புறநகரான பரமட்டாவில் அந்தச் சின்ன மரவீட்டு வரவேற்பறையில், எட்டடி உயர மகோகனி அலுமாரி ஒன்று நின்றது. இரண்டு அடுக்கு. அடிப்பாகத்துக்கு வளைந்த நான்கு கால்கள். ஒவ்வொரு காலும் உருண்டையொன்றைக் கவ்விய பறவை நகமாக முடியும். இழுத்துத் திறக்கும் நடு லாச்சியில் விரிந்த சிப்பிச் செதுக்கு. மேற்பாகத்தில் வரிசை வரிசையாக லாச்சிகள். அதற்கும் மேலே இரண்டு பக்கமிருந்தும் சுருண்டு வரும் முகப்பு, அதன் நடுவில் தீச்சுடர் போலச் செதுக்கிய கொண்டை. அந்தக் கொண்டையை மட்டும் நாங்கள் பார்க்க முடியாது. அது கூரைக்குள் இருந்தது. ஏன் இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

"பிலடெல்பியா வேலை. அமெரிக்கன் கொலோனியல்" என்பார் அண்ணை. கொலோனியல் என்ற சொல்லை அவர் உச்சரிக்கும்போது கண் இலேசாக மூடும். இலங்கையில் நாங்கள் கொலனியாக இருந்தபோது அவருடைய தகப்பனார் வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் பதினெட்டு வருடம் எழுதுவினைஞராக இருந்து, துரை போகும்போது ஒரு குடையைப் பரிசாகப் பெற்றவர். அந்தக் குடைக் கதையை அண்ணை யாருக்கும் சொல்லமாட்டார். எனக்கு அவருடைய மனைவி பவளம் அக்கா சொன்னா.

நான் இந்திரகுமார். அண்ணையும் நானும் ஒரே அலுவலகத்தில், பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்து வரைபடம் கீறியவர்கள். அவர் இலங்கையில் நீர்ப்பாசனப் பொறியியலாளர். இரண்டு குளங்களுக்கு மதகு கட்டியவர். 1970இல் சிட்னிக்கு வந்தபோது, அவருடைய சான்றிதழ்களை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்த அதிகாரி, "உங்களுக்குப் படம் கீற வருமா?" என்று மட்டும் கேட்டாராம். வரும் என்று இவர் சொல்ல, அன்றோடு விஷயம் முடிந்தது. அதன் பின்பு புதிய குடியிருப்புகளின் கழிவுநீர்க் குழாய்களுக்குக் கோடு கீறிக்கொண்டிருந்தார். ஊருக்கு எழுதும் கடிதங்களில் "இங்கும் நீர் சம்பந்தமான பணிதான்" என்று எழுதுவார். பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

அவருடைய சம்பளம் வீட்டுத் தவணைக்கே போய்விடும். பவளம் அக்கா வந்த ஆண்டே வேலைக்குப் போகத் தொடங்கினா. ஸ்ட்ராத்ஃபீல்டில் மூன்று பெரிய வீடுகளைக் கூட்டித் துடைக்கும் வேலை. காலை ஏழு மணி ரயிலில் போனால் மாலை நான்குக்குத் திரும்புவா. இதை அண்ணை ஊரவர்களுக்கு வேறு விதமாகச் சொல்லி வைத்திருந்தார்.

"பவளம் வெள்ளைக்காரப் பெண்களுக்கு எங்கடை சமையல் படிப்பிக்கப் போறா. அவையள் விடமாட்டம் எண்டு பிடிச்சு வைச்சிருக்கினம்."

மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் தமிழர்கள் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கூடுவோம். அங்கே டொக்டர் வரதராஜாவின் மனைவி பவளம் அக்காவைப் பிடித்துக் கேட்டா: "என்ன பவளம், இந்தக் கிழமை என்ன படிப்பிச்சனீர்?"

அக்காவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அவையள் கெட்டிக்காரியள் அக்கா. நான் போனால் குசினிப் பக்கமே வரமாட்டினம்."

அந்த மூன்று வீடுகளில் ஒன்று மிஸிஸ் விட்கம் என்ற அமெரிக்க மூதாட்டியின் வீடு. அவருடைய கணவர் இயந்திரக் கம்பனியொன்றின் பிரதிநிதியாக ஐம்பது வருடத்துக்கு முன்பு சிட்னிக்கு வந்து, இங்கேயே இருந்து, இங்கேயே இறந்துபோனவர். வரும்போது பென்சில்வேனியாவில் இருந்த தன் குடும்பத்து அலுமாரியையும் கப்பலில் ஏற்றி வந்திருந்தார். பிள்ளைகள் இல்லை. மூதாட்டி தன் வீட்டு மண்டபத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பார். அக்கா பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றால் அந்த அலுமாரியின் சிப்பிக்குள்ளும் நகங்களுக்கு இடையிலும் தூசி தட்டுவா. தட்டி முடிய ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் மூதாட்டி கதை சொல்லுவார். நான்கு வருடங்களாக ஒவ்வொரு செவ்வாயும் நடந்தது இது.

1974 ஓகஸ்ட் மாதம் மிஸிஸ் விட்கம் இறந்துபோனார். ஒரு மாதம் கழித்து வழக்கறிஞரிடம் இருந்து கடிதம் வந்தது. அலுமாரியைப் பவளம் அக்காவுக்கு எழுதி வைத்திருந்தார்.

அக்கா அந்தக் கடிதத்தை மூன்று முறை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதா. அண்ணையும் மூன்று முறை வாசித்தார். வாசித்துவிட்டு, மறுநாள் பகலுணவு இடைவேளையில் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்:

"குமார், ஒரு அமெரிக்க நண்பர் நாட்டுக்குத் திரும்பிப் போறார். தன்ரை ஒரு பழைய சாமானை நான்தான் எடுக்கவேணும் எண்டு நிக்கிறார். வேறை ஆருக்கும் குடுக்க மனமில்லையாம்."

"எவ்வளவுக்கு அண்ணை?"

"இப்பிடியான சாமானுக்கு விலை கேக்கிறேல்லை, தம்பி."

அந்த வார்த்தையை மட்டும் அவர் பொய்யில்லாமல் சொன்னார்.

அலுமாரியை ஏற்றி வந்த நாள் நானும் கை கொடுத்தேன். அடிப்பாகத்தை உள்ளே வைத்து, மேற்பாகத்தை அதன் மேல் ஏற்றியபோதுதான் சங்கடம் தெரிந்தது. கொண்டை சீலிங்கில் இடித்தது. நான்கு அங்குலம் போதவில்லை. ஏற்ற வந்த இரண்டு பேரும் மேற்பாகத்தைத் தாங்கிப் பிடித்தபடி எங்களைப் பார்த்தார்கள்.

"அண்ணை, அந்தக் கொண்டையைக் கழட்டேலாதோ?" என்றேன்.

"இருநூறு வருஷத்துச் செதுக்கு வேலை குமார் அது. உம்மடை தலையைக் கழட்டச் சொன்னால் நீர் கழட்டுவீரோ?"

பவளம் அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தா. "நீர் சும்மா இரும். இது தொழில்நுட்ப விஷயம்" என்றார் அண்ணை. அக்கா தேநீர் போடப் போய்விட்டா. மதகு கட்டிய மனிதர் பென்சிலும் அடிமட்டமும் எடுத்தார், சீலிங்கில் கச்சிதமாக ஒரு வட்டம் கீறினார், வாளால் அறுத்தார். வெள்ளைத் தூள் எங்கள் எல்லார் தலையிலும் கொட்டியது. கொண்டை அந்த ஓட்டைக்குள் போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு கூரைக்குள் குடியிருந்த, பூனை அளவான பொசம் என்ற விலங்கின் குடும்பம் அந்த ஓட்டை வழியாக வரவேற்பறைக்குச் செய்து வந்த காணிக்கைகளை அக்கா தினமும் காலையில் கூட்டி எடுத்தா.

அண்ணை பரமட்டா நூலகத்தில் பழைய தளபாடங்கள் பற்றி இருந்த புத்தகங்கள் அத்தனையையும் எடுத்து வாசித்தார். பூதக்கண்ணாடி ஒன்று வாங்கினார். கைலேஞ்சிக்குப் பதிலாகச் சட்டைப் பையில் மென்தோல் துணி வைத்துக்கொண்டார். லாச்சிகளை யாரும் திறக்கக் கூடாது என்று உத்தரவு. அக்காவின் சேலைகள் கட்டிலுக்குக் கீழே கப்பலில் வந்த அதே தகரப் பெட்டிக்குள் இருந்தன. பதினொரு லாச்சிகள் வெறுமையாக இருந்தன.

எங்கள் கூட்டத்தில் அது வரை முதல் ஆள் டொக்டர் வரதராஜாதான். ஆனால் 1974 முடியும்போது எல்லாரும் அண்ணை வீட்டுக்குப் போய் யன்னலோரம் நின்று பிலடெல்பியாவை வாங்கிக்கொண்டு வந்தார்கள். அண்ணையின் நடையே மாறிப்போயிற்று. ஒரு நாள் அலுவலகத்தில் மேலதிகாரியின் மேசையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வெறும் ஒட்டுப்பலகை" என்றார். அதனாலோ என்னவோ அந்த வருடம் அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை.

அடுத்த மார்ச்சில் ஆஸ்திரேலியாவுக்குக் கலர் ரீவி வந்தது. முதல் கிழமையிலேயே டொக்டர் வரதராஜா வாங்கிவிட்டார். சனமெல்லாம் அங்கே போனது. பச்சைப் புல்லில் கிரிக்கெட்டைப் பச்சையாகவே பார்க்கிற வீடு இருக்கும்போது, லாச்சியின் பொருத்தைப் பார்க்க யார் வருவார்கள்? அண்ணை வீட்டுக்கு நானும், புதிதாக வந்து திசை தெரியாமல் நின்ற சிலரும் மட்டுமே போனோம்.

அப்படி வந்தவர்களில் ஒருவன் மலேசிய மாணவன் குணசீலன். அவனையும் யன்னலோரம் நிறுத்தினார் அண்ணை. மகோகனி ஜமேக்காவில் இருந்து கப்பலில் பிலடெல்பியாவுக்கு வந்ததையும், அந்தக் காலத்துக் கனவான்களின் ரசனையையும் விளக்கினார். குணசீலன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டான்.

"அங்கிள், ஜமேக்காவுல இந்த மரத்தை யாரு வெட்டுனா?"

"ஏன் தம்பி?"

"அடிமைங்கதானே? எங்க தாத்தா கூலியா வந்து ரப்பர் தோட்டத்துல மரம் வெட்டுனாரு. அதான் கேட்டேன்."

அண்ணை மென்தோல் துணியால் ஒரு பித்தளைப் பிடியைத் துடைத்தார். "கலைப் பொருளைப் பாக்கேக்கை அரசியல் கதைக்கப்படாது, தம்பி."

1976 ஜூலை நான்காம் தேதி அமெரிக்கா சுதந்திரம் அடைந்து இருநூறு வருடம் நிறைந்த நாள். அந்த வருடம் முழுக்க அமெரிக்கர்கள் தங்கள் பழைய சாமான்களை உலகெங்கும் தேடித் திரும்ப வாங்குகிறார்கள் என்று அண்ணை ஒரு பத்திரிகையில் வாசித்தார். உடனே ஒரு யோசனை பிறந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே சிட்னியில் பெயர் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து, எல்லாருடைய முன்னிலையிலும் அலுமாரியைப் பார்க்கச் செய்வது.

"எல்லாருக்கும் முன்னாலை ஏன் அண்ணை? முதல்லை தனிய ஒருக்காக் காட்டிப் பாக்கலாமே?"

"டொக்டர் வரதராஜாவுக்கு ஒரு விஷயத்தை ஆரும் தனியச் சொல்லி விளங்காது, குமார்."

பதினெட்டுப் பேர் வந்தார்கள். டொக்டர் சாம்பல் நிறக் கோட்டில் வந்திருந்தார். அவருடைய மனைவி காஞ்சிபுரப் பட்டில். வரவேற்பறையில் இடம் போதாமல் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். பவளம் அக்கா முதல் நாள் முழுக்க நின்று கட்லட்டும் பற்றீஸும் செய்திருந்தா. அண்ணை கழுத்துப்பட்டி கட்டி, ஆங்கிலத்தில் பதினைந்து நிமிடம் பேசினார். விடுதலை வேட்கை, செதுக்கு வேலை, தன் அமெரிக்க நண்பர் கண்ணீரோடு விடைபெற்றது எல்லாம் வந்தன. நண்பருக்கு அன்று ஒரு பெயரும் வைத்தார்: ஹென்றி.

மதிப்பீட்டாளர் மிஸ்டர் கார்மைக்கல் ஒல்லியான, கண்ணியமான மனிதர். பேச்சு முடியும்வரை தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு ஒரு கதிரையைக் கேட்டு வாங்கி, அதன்மேல் ஏறி, சீலிங்கை அண்ணாந்து பார்த்தார்.

"இந்த ஓட்டை எதற்கு?"

"கொண்டைக்காக" என்றார் அண்ணை பெருமையோடு.

மிஸ்டர் கார்மைக்கல் ஓட்டைக்குள் கையை விட்டுக் கொண்டையை இலேசாகத் திருகினார். போத்தல் தக்கை வருவதுபோல் அது கையோடு வந்தது. கூடவே கொஞ்சம் பொசம் ரோமமும். "இவை எப்போதும் கழற்றும்படிதான் செய்யப்படும்" என்று சொல்லி அதை அண்ணையின் கையில் கொடுத்தார். மீதி நேரம் முழுவதும் அண்ணை அந்தத் தீச்சுடரைக் கையில் ஏந்தியபடியே நின்றார்.

மதிப்பீட்டாளர் கீழே இறங்கி லாச்சிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். அடிப்பலகையை விரலால் தடவினார். முழங்காலில் இருந்து, பின்பக்கத்துக்கு டோர்ச் அடித்தார். நாற்பது நிமிடம். கட்லட் ஆறிப்போனது. கடைசியில் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"அடிப்பாகம் அருமையானது. பிலடெல்பியா வேலைதான். ஏறக்குறைய 1765. சந்தேகமே இல்லை."

அண்ணை டொக்டரைப் பார்த்தார். டொக்டர் சீலிங்கைப் பார்த்தார்.

"மேற்பாகம் வேறு. பின்பலகையில் வட்ட வாள் அறுத்த வளைகோடுகள் இருக்கின்றன. 1765இல் அப்படி ஒரு வாள் கிடையாது. பொருத்து வேலையும் வேறு கை. நல்ல தச்சனின் வேலை, ஆனால் 1890க்கு முந்தியது இல்லை. எங்கள் தொழிலில் இப்படி ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பதைக் கலியாணம் என்போம்."

அண்ணை தொண்டையைச் செருமினார். "எங்கோ தவறு நடந்திருக்கிறது. இது ஒரே குடும்பத்தில் இருநூறு வருடமாக..."

"ஓம், அது உண்மைதான்" என்று வாசலில் இருந்து பவளம் அக்கா சொன்னா. கையில் பற்றீஸ் தட்டம். "முதல் இருந்த மேல்பாகம் வீடு எரியேக்கை எரிஞ்சு போச்சு. பிறகு அவவின்ரை புருசனின்ரை தாத்தா ஒரு ஜெர்மன் தச்சனைப் பிடிச்சுப் புதுசாச் செய்விச்சவர்."

அண்ணை மெல்லத் திரும்பினார். "உமக்கு இது தெரியுமோ?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை. கொண்டை கழலும் எண்டு அண்டைக்குச் சொல்ல வந்தனான். சும்மா இரு எண்டியள்."

மிஸ்டர் கார்மைக்கலுக்குத் தமிழ் புரியவில்லை. ஆனால் ஏதோ தகவல் தெரிந்தவர் அறையில் இருக்கிறார் என்பது புரிந்தது. அலுமாரி கைமாறியதற்கு ஏதாவது கடிதம், பத்திரம் இருக்கிறதா என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார். அப்படி எதுவும் இல்லை, நண்பர்களுக்குள் வாய்ப்பேச்சுத்தான் என்று அண்ணை அவசரமாகச் சொன்னார். அக்கா ஆங்கிலத்தில், "இருக்கிறது" என்றா. பற்றீஸ் தட்டத்தை டொக்டரின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனா. பிஸ்கட் டின்னோடு திரும்பி வந்து வழக்கறிஞரின் கடிதத்தை எடுத்துக் கொடுத்தா.

அது அவ யோசித்துச் செய்ததா, கேட்டதற்குக் கொடுத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு முறை கேட்டும் பார்த்தேன். "அவர் கேட்டவர், நான் குடுத்தனான்" என்றா.

மிஸ்டர் கார்மைக்கல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நல்ல கணீரென்ற குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். "என் வீட்டை நான்கு ஆண்டுகளாகச் சுத்தம் செய்துவரும் திருமதி பவளம் மகேந்திரராஜாவுக்கு, மண்டபத்தில் நிற்கும் உயர அலுமாரி. ஒரு தடவையாவது அதன் விலையைக் கேட்காதவர் இந்த வீட்டுக்கு வந்தவர்களில் அவர் ஒருவரே."

பதினெட்டுப் பேரும் இப்போது அலுமாரியைப் பார்க்கவில்லை. டொக்டரின் மனைவி பவளம் அக்காவின் கைகளைப் பார்த்தா.

"உங்களுடையதா, அம்மா? அப்படியானால் நான் உங்களிடம்தான் பேசவேண்டும்" என்று மதிப்பீட்டாளர் அக்காவின் பக்கம் திரும்பினார். இந்த வருடம் அமெரிக்காவில் இப்படியான அடிப்பாகத்தை மட்டும் தனியாக வாங்கவே ஆட்கள் இருக்கிறார்கள், விரும்பினால் தான் ஒழுங்கு செய்து தரலாம் என்றார். அக்கா யோசித்துச் சொல்கிறேன் என்றா. அவருக்கு ஒரு கட்லட்டைச் சூடாக்கிக் கொடுத்தா.

சனம் சீக்கிரமாகவே கலைந்தது. வாசலில் சப்பாத்துப் போடும்போது யாரும் மேற்பாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "கூட்டித் துடைக்கிற வேலையாம்" என்றுதான் பேசினார்கள். போலி அலுமாரியை மன்னிக்க எங்கள் ஆட்களுக்கு ஒரு நிமிடம் போதும்.

நான் கதிரைகளை அடுக்க நின்றேன். அண்ணை கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டு, அடிப்பாகத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"குமார், அடி உண்மைதானே?"

"ஓம் அண்ணை. அடி உண்மை."

"1765 எண்டுதானே சொன்னவர்?"

"ஓம் அண்ணை."

அவரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்றுதான் நின்றேன். அந்த நேரம் முடியவில்லை. வீட்டுக்குப் போய் விமலாவிடம் சொல்லிச் சிரித்தேன். விமலா என் மனைவி.

அக்கா மூன்று மாதம் யோசித்தா. பிறகு அடிப்பாகத்தை விற்கப்போவதாகச் சொன்னா. அண்ணை பதறிப்போனார்.

"பவளம், இது எங்கடை குடும்பச் சொத்து!"

"எந்தக் குடும்பம்?"

"சரி, இது ஒரு சரித்திரச் சின்னம். இதைப் பிரிக்கக் கூடாது. எண்பது வருஷமாச் சேர்ந்து இருந்த இரண்டு. கார்மைக்கல்லே கலியாணம் எண்டு சொன்னவர்."

"இஞ்சாருங்கோ, நான் நாலு வருஷம் இதைத் துடைச்சனான். பிறகு இரண்டு வருஷம் எலிப்புழுக்கை மாதிரி அந்தப் பொசம் போடுறதைத் துடைச்சனான். எனக்குக் காணும், போதும்."

பத்திரத்தில் அக்கா கையெழுத்துப் போட்டா. சாட்சியாக நான் போட்டேன். அண்ணைக்குக் கையெழுத்துப் போட அதில் இடம் இருக்கவில்லை. நியூயோர்க்கில் இருந்த வியாபாரி ஒருவருக்காக அடிப்பாகம் பெட்டியில் அடைபட்டுக் கப்பல் ஏறியது. அந்தப் பணத்தில் அக்கா பழைய வான் வண்டி ஒன்றும், தரை மினுக்கும் இயந்திரம் இரண்டும் வாங்கினா. கார் ஓட்டும் அனுமதியை எப்போது எடுத்தா என்று கேட்டேன். போன வருடமே எடுத்துவிட்டாவாம். அதையும் யாரும் கேட்கவில்லை.

1977 தொடக்கத்தில் பரமட்டா நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருந்த வழக்கறிஞர் அலுவலகங்கள் நான்கைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தம் அக்காவுக்குக் கிடைத்தது. தனி ஆளாகச் செய்ய முடியாது. அப்போதுதான் ஒரு வேடிக்கை. அன்று வாசலில் சப்பாத்துப் போட்டபடி மூக்கைச் சுளித்த குடும்பங்களில் இருந்து பெண்கள் ஒவ்வொருவராக, ஆளுக்கு ஆள் தெரியாமல், குசினிக் கதவு வழியாக வந்து அக்காவிடம் வேலை கேட்டார்கள். அந்த வருட முடிவில் ஏழு பேர். டொக்டரின் மனைவி வரவில்லை. அவவின் தங்கை வந்தா. என் விமலாவும் போனா. நான் யாராவது கேட்டால், "விமலா லோயர் ஓஃபிஸ் ஒண்டிலை இருக்கிறா" என்று சொல்லுவேன். மாலை ஆறு முதல் ஒன்பது வரை அவ அங்கேதான் இருக்கிறா, நான் என்ன செய்ய?

அண்ணை கொஞ்ச நாள் வெளியே தலைகாட்டவில்லை. அக்காவின் கடிதங்களைத் தட்டச்சு செய்துகொடுக்கத் தொடங்கினார். இரண்டாவது மாதமே தனக்கு ஒரு விசிட்டிங் கார்ட் அச்சடித்தார். 'மகேந்திரராஜா, தொழில்நுட்ப ஆலோசகர்' என்று. அதைப் பார்த்த அக்கா கார்ட்டின் பின்பக்கத்தில் கடைச் சாமான் எழுதப் பாவித்தா.

மேற்பாகம் வீட்டிலேயே இருந்தது. அதை வாங்க ஆள் இல்லை. கால் இல்லாமல் தரையிலேயே நின்றது. லாச்சிகளில் இப்போது அக்காவின் சேலைகளும் துடைக்கும் துணிகளும். மூன்று மாதம் அதன் பக்கம் திரும்பாமல் இருந்த அண்ணை, ஒரு நாள் நூலகத்தில் இருந்து வேறு ஒரு புத்தகத்தோடு வந்தார். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மன் தச்சர்களைப் பற்றியது. அடுத்த சனிக்கிழமை புதிதாக வந்த தம்பதி ஒன்றை அந்த அறையில் கண்டேன். இருவரும் தரையில் சப்பாணி கட்டி இருந்தார்கள். அதன் உயரத்துக்கு அப்படி இருந்தால்தான் சரியாகத் தெரியும்.

"பதினெட்டாம் நூற்றாண்டுச் சாமான் எங்கையும் கிடக்கு" என்று அண்ணை சொல்லிக்கொண்டிருந்தார். "ஆனால் ஒரு ஜெர்மன் கை, அமெரிக்கன் நினைவிலை இருந்து செய்தது, உலகத்திலை இது ஒண்டுதான்."

அந்தத் தம்பி வியந்து தலையாட்டினான். அவனுடைய மனைவி எழுந்து மெதுவாகக் குசினிப் பக்கம் போனா.

1978 நடுப்பகுதியில் ஒரு மதிய இடைவேளையில் அண்ணை நூலகத்தில் இருந்து ஓடி வந்தார். ஐம்பத்திரண்டு வயது ஆள் ஓடி வந்ததைப் பார்த்து அலுவலகமே எழுந்து நின்றது. கையில் அமெரிக்கப் பழம்பொருள் சஞ்சிகை ஒன்று. நடுப்பக்கத்தில் முழுப் பக்க வண்ணப் படம்: பிலடெல்பியா உயர அலுமாரி, மாசு மறு இல்லாமல், அடியும் தலையுமாக. முன்கால் நகமொன்றில் வீட்டு அலுமாரிக்கு இருந்த அதே சின்ன வெட்டை அண்ணை எனக்குப் பூதக்கண்ணாடியில் காட்டினார். சந்தேகமில்லை. அதே அடிப்பாகம். ஆனால் அதன்மேல் இருந்தது வேறு ஒரு மேற்பாகம். வியாபாரி வேறெங்கோ கால் இழந்து கிடந்த பழைய மேற்பாகம் ஒன்றைத் தேடிப் பிடித்து மேலே ஏற்றியிருந்தார். கீழே எழுதியிருந்தது: 'இருநூறு ஆண்டுகளாகப் பிரியாமல் இருந்து வந்த அபூர்வ ஜோடி.'

"கள்ளர்!" என்றார் அண்ணை. "பச்சைக் கள்ளர் குமார்! எங்களுக்குத்தானே உண்மை தெரியும்?"

அன்று மாலை அக்காவிடம் காட்டினார். அக்கா வானில் வாளிகளை ஏற்றிக்கொண்டிருந்தா. படத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தா.

"நல்லாத் துடைச்சிருக்கினம்" என்றா. ஏறி வானை எடுத்துக்கொண்டு போய்விட்டா.

அண்ணை விடவில்லை. சஞ்சிகை ஆசிரியருக்கு ஆறு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். வட்ட வாள், தீ விபத்து, ஜெர்மன் தச்சன், மிஸிஸ் விட்கம், உயில் எல்லாவற்றையும் தேதியோடு எழுதினார். அலுமாரி தன் வீட்டுக்கு எப்படி வந்தது என்ற இடத்தில், 'என் மனைவி அந்த வீட்டில் துப்புரவுப் பணியாளராக இருந்தபோது' என்று அவரே தன் கையால் தட்டச்சு செய்தார். அந்த வரியை எனக்குக் காட்டி, இலக்கணம் சரியா என்று கேட்டார். சரி என்றேன். பதில் வரவில்லை. இரண்டாவது கடிதம் எழுதினார். மூன்றாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

ஐந்து மாதம் கழித்து நியூயோர்க்கில் இருந்து ஒரு உறை வந்தது. அண்ணை அதை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துத்தான் பிரித்தார். உள்ளே கடிதம் எதுவும் இல்லை. அச்சடித்த அட்டை ஒன்று: தங்கள் சஞ்சிகையில் அவர் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி, வெளிநாட்டு வாசகர்களுக்கான வருடச் சந்தாப் படிவம் இணைக்கப்பட்டுள்ளது.

அண்ணை படிவத்தை இரண்டு பக்கமும் வாசித்தார். பிறகு சட்டைப் பையில் இருந்து பேனையை எடுத்து, பெயர் என்ற இடத்தில் பெரிய எழுத்தில் எழுதத் தொடங்கினார்.